அக்கா எடுத்த ஆறு படங்கள்

படத்தை நேராக்கி முடித்த பிறகுதான் அது தன் வீட்டு ஹால் என்பது ஜாஹ்னவிக்கு உறைத்தது.

வீடு, மனை விற்றுக்கொடுக்கும் ஒரு கம்பெனிக்கு அவள் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். விற்க நினைப்பவர்கள் வாசற்படியில் நின்றும் கட்டில்மேல் ஏறியும் அவசரமாக போனில் எடுத்து அனுப்பும் படங்களில் சுவர்கள் ஒன்றின் மேலொன்று விழப்போவதுபோல் சாய்ந்திருக்கும். கதவுகள் கீழே அகன்று மேலே குறுகிக் கூம்பிப்போயிருக்கும். படத்தின் மூலைகளைப் பிடித்து இழுத்து, கதவைக் கதவாகவும் சுவரைச் சுவராகவும் நிமிர்த்தி அனுப்ப வேண்டியது அவள் வேலை. மூன்று வருஷப் பழக்கத்தில் கை தானாக ஓடும். கண் வீட்டைப் பார்க்காது, கோடுகளைத்தான் பார்க்கும். இந்தப் படத்தையும் அப்படித்தான் நிமிர்த்தினாள். நிமிர்ந்ததும் சுவரில் அவள் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது. காலண்டருக்குக் கீழே மேஜை. மேஜைக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு, பின்னலைத் தோளுக்கு முன்னால் போட்டபடி உட்கார்ந்திருந்தது அவள்தான்.

நாற்காலியோடு திரும்பிப் பார்த்தாள். வாசல் கதவை ஒட்டி, பொது வராந்தாவைப் பார்த்த கம்பி ஜன்னல். காற்றுக்காக அவள் எப்போதும் திறந்தே வைத்திருப்பது. படத்தின் இடது ஓரத்தில் அந்தக் கம்பி ஒன்று கலங்கலாக விழுந்திருந்தது. யாரோ வெளியே நின்று, கையை மட்டும் உள்ளே நீட்டி எடுத்திருக்கிறார்கள். தேதி போன வெள்ளிக்கிழமை.

வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. மணி நான்குகூட ஆகவில்லை, அதற்குள் ஹாலில் சாம்பல் நிற வெளிச்சம்தான் மிச்சமிருந்தது. ஈரச் சிமெண்டின் வாடையும், பால்கனித் துளசியின் வாடையும், அவை இரண்டிலும் சேராத இன்னொன்றும், வெகுநாள் மூடியிருந்த அலமாரியைத் திறந்தால் வருமே அதுபோல, உள்ளே மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. கொள்ளிடம் பாலத்தில் ரயில் ஒன்று போனது. ஜன்னல் கதவு ஆடி நின்றது.

லேப்டாப் அக்காவுடையது. போன மாதம் ஜாஹ்னவியின் லேப்டாப் உயிரைவிட்டபோது, "என்னோடது சும்மாதானே கிடக்கு, நீ வச்சுக்கோ" என்று அரவிந்தவல்லி கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா போனில் எடுக்கும் படங்கள் தானாகவே அதில் வந்து விழுந்து, வேலைப் படங்களோடு கலந்துகொண்டிருந்தன. கோலம், கொலு, அக்காவின் குழந்தை மாதுரி. அக்காவிடம் சொல்லாமல் அவற்றைப் பார்த்து ரசிப்பது ஜாஹ்னவிக்கு ஒரு ரகசிய சந்தோஷம்.

இந்த வீடும் அக்காவுடையதுதான். பெங்களூரில் விவாகரத்து ஆகி, இரண்டு பெட்டிகளோடு ஜாஹ்னவி ஸ்ரீரங்கம் வந்திறங்கியபோது உறவுக்காரர்கள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். அக்கா ஒருத்திதான் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கினாள். "எங்காத்து மனுஷா தில்லைநகருக்கு வந்தாச்சு. அந்த ஃபிளாட் பூட்டித்தான் கிடக்கு. நீ அங்கே இருந்தாலே போறும்டி ஜானு" என்றாள். அன்று ராத்திரி ஜாஹ்னவி அழுதது துக்கத்தினால் அல்ல.

அந்த அக்கா வாசல்வரை வந்துவிட்டு, கூப்பிடாமல் ஏன் போனாள்?

படம் இருந்த இடத்தைத் தேடித் திறந்தாள். அந்த ஃபோல்டருக்கு அக்கா 'ஹால்' என்று பெயர் வைத்திருந்தாள். உள்ளே ஆறு படங்கள். முதலாவது மூன்று வருஷத்துக்கு முந்தையது, வாசற்படியில் நின்று எடுத்தது. மற்ற ஐந்தும் அதே ஜன்னல், அதே கம்பி, அதே சாய்வு. சொந்த வீட்டில் குடியிருந்த நாளிலும் அக்கா ஹாலை வெளியே நின்றுதான் எடுத்திருக்கிறாள்.

முதல் படத்தை நிமிர்த்தினாள். சுவர்கள் நேராயின. சமையலறை வாசல் பக்கம் தரையில் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. டைல்ஸ் இடுக்கில் அழுக்கு சேர்ந்த மாதிரி, மெல்லிசாக. ஆனால் அது இடுக்கோடு போகவில்லை. குறுக்கே போனது.

தாழ்ந்த கோணத்தில் எடுத்தால் தரையில் கிடப்பது எல்லாம் நசுங்கிக் கோடாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். தரையின் நான்கு மூலைகளைக் குறித்து, மேலிருந்து பார்ப்பதுபோல் விரித்தாள். டைல்ஸ்கள் ஒவ்வொன்றாகச் சதுரமாயின. கோடு அகன்றது. அகன்று, வளைந்து, முழங்கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு ஒருக்களித்துப் படுத்திருக்கும் ஒரு பெண்ணின் உருவமாயிற்று.

ஜாஹ்னவி எழுந்துபோய் சமையலறை வாசலில் குனிந்து பார்த்தாள். வெறும் தரை. காலையில் அவளே துடைத்தது. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்றுதான் இருந்தது, மழைக்காலத் தரை இருப்பதுபோல.

திரும்பி வந்து இரண்டாவதை விரித்தாள். உருவம் காலை நீட்டியிருந்தது. மூன்றாவதில் குப்புறத் திரும்பி முழங்கையை ஊன்றியிருந்தது. ஹாலின் மறுகோடியில் மாதுரியின் சின்னக் கட்டில் இருந்த பக்கமாக.

நான்காவதில் கட்டில்மேல் மாதுரியே உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது. கையில் பிஸ்கட். தலையும் உடம்பும் இடப்பக்கமாகச் சாய்ந்திருந்தன. படத்தின் சாய்வு என்றுதான் ஜாஹ்னவி முதலில் நினைத்தாள். நிமிர்த்தினாள். சுவர் நிமிர்ந்தது. கட்டில் நிமிர்ந்தது. குழந்தை நிமிரவில்லை.

அந்த வயதில்தான் மாதுரிக்கு அது ஆரம்பித்தது. நின்றாலும் நடந்தாலும் காற்றில் வளைந்த செடிபோல ஒரு பக்கமாகச் சாய்வாள். எலும்பில் குறையில்லை, நரம்பில் குறையில்லை, காதில் குறையில்லை என்று டாக்டர்கள் கையை விரித்தார்கள். "நேரா நில்லுடி கண்ணு" என்று அக்கா கெஞ்சும் குரல் இப்போதும் ஜாஹ்னவியின் காதில் இருந்தது.

தரையை விரித்தாள். உருவத்தின் கை கட்டில் காலைப் பிடித்திருந்தது.

ஐந்தாவதில் வீடு காலி. கட்டில் இல்லை. உருவம் அங்கேயே கிடந்தது. அதன் முகம் ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

ஆறாவதை விரிக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். ஆனால் கை பழகிய கை. ஒரு மூலை. இரண்டு. மூன்று. நான்கு.

அவள் நாற்காலிக்குப் பின்னால், இரண்டு டைல்ஸ் தள்ளி, அது மண்டியிட்டிருந்தது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி உருண்டுபோய் சுவரில் மோதியது. கதவைத் திறந்துகொண்டு வராந்தாவுக்கு வந்துவிட்டாள். எதிர்வீட்டு இருதயமேரி டீச்சர் மழைக்குப் பயந்து துணிகளை வராந்தாக் கொடியில் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார். சோப்பு வாசனை அடித்தது. அந்த வாசனையே பெரிய ஆறுதலாக இருந்தது.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போயிருக்கு? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்லை டீச்சர். போன வெள்ளிக்கிழமை எங்க அக்கா வந்தாளா?"

"வந்தாங்களே. உங்ககிட்ட சொல்லலையா?" டீச்சர் ஒரு புடவையை உதறினார். "ஜன்னல்கிட்ட நின்னு, முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கிட்டு, கையை மட்டும் உள்ள விட்டுப் படம் எடுத்தாங்க. பெல் அடிங்களேன்னு சொன்னேன். வாயில விரலை வச்சுக் காட்டினாங்க. நீங்க பாக்காம ஏதோ விளையாட்டு பண்றாங்கன்னு நினைச்சேன். ஆனா கண்ணு ரெண்டும் கலங்கியிருந்துச்சும்மா."

உள்ளே போன் அடித்தது. மேஜைமேல் விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த மணியோசை அக்காவுக்கென்று அவள் தனியாக வைத்திருந்தது.

பயம் அப்போதும் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிதாக ஆத்திரம் கிளம்பியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு! தங்கையின் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்து, அதைத் தான் பார்க்காமல் போன் மட்டும் பார்க்கும்படி கையை நீட்டியிருக்கிறாள். ஜாஹ்னவி விறுவிறுவென்று உள்ளே போய் போனை எடுத்தாள். காற்றில் கதவு பின்னால் சாத்திக்கொண்டது.

"ஜானு." அக்காவின் குரல் மூச்சு வாங்கியது. "ஆத்துல இருக்கியா? அந்தப் படத்தையெல்லாம் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"நேராக்கினியா?"

கேட்ட விதத்தில் பதற்றம் இருந்தது, பயம் இல்லை. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவள் கேட்பதுபோல் இருந்தது.

"ஆமாம்."

"எத்தனை?"

"ஆறும்."

மறுமுனையில் ஒரு நீண்ட மூச்சு வெளியே வந்தது. வருஷக்கணக்காக அடக்கி வைத்திருந்த மூச்சு. அதற்குப் பின்னால், தூரத்தில், ஒரு குழந்தை கலகலவென்று சிரித்துக்கொண்டு ஓடும் காலடிச் சத்தம். தட், தட், தட். இரண்டு காலும் ஒரே அளவாக விழுந்தன.

"நேரா நிக்கறாடி," அரவிந்தவல்லி அழுதாள். "கொஞ்சம் முன்னாடிதான். சோபாவிலேர்ந்து இறங்கி நேரா நடந்து வந்தா. மாது நேரா நடக்கறா ஜானு."

ஜாஹ்னவியின் கண்ணிலும் ஒரு கணம் நீர் முட்டியது. அந்தக் குழந்தையை அவளும் தூக்கிக் கொஞ்சியிருக்கிறாள். அடுத்த கணம்தான் அந்தச் சொற்களின் பொருள் முழுதாக உள்ளே இறங்கியது.

"லேப்டாப்பைத் தெரிஞ்சேதான் கொடுத்தியா?"

மறுமுனையில் அக்கா மூக்கை உறிஞ்சினாள்.

"வீட்டையும்?"

"மொதல் படத்தை நான்தான் நேராக்கினேன்" என்றாள் அக்கா, மெல்ல. "வீட்டை விக்கலாம்னு எடுத்தது. நேராக்கினா அதுவும் எழுந்துக்கறதுடி. என்னைப் பிடிச்சிருந்தா பரவாயில்லை. குழந்தையைப் பிடிச்சுது. வேற யாராவது நேராக்கினா விட்டுடும்னு எனக்குத் தோணித்து. தோணித்து, அவ்வளவுதான். யாரைப் போய்க் கேட்பேன் நான்?"

"என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா."

"கேட்டா செஞ்சிருப்பியா?"

செய்திருப்பேனோ என்னவோ. மாதுவுக்காகச் செய்திருப்பேன் என்றுதான் தோன்றியது. அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"உனக்குன்னு யார் இருக்கா ஜானு? எனக்குக் குழந்தை இருக்கே."

ஹால் இருட்டிக்கொண்டு வந்தது. அலமாரி வாடை இப்போது வீடு முழுக்க அடித்தது. பின்கழுத்தில் படுமளவு அருகில்.

"அக்கா, பயமா இருக்கு. வந்து கூட்டிண்டு போ. வாசல் வரைக்கும் வந்தா போறும்."

"அழாதே" என்றாள் அரவிந்தவல்லி. சின்ன வயதில் ஜுரத்தில் படுத்திருந்தபோது சொன்ன அதே குரலில், அத்தனை அன்பாகச் சொன்னாள். "அழாதேடி என் கண்ணு. நான் இனிமே அங்கே வரமாட்டேன்."

போன் அடங்கியது.

ஜாஹ்னவி கதவைப் பார்த்து நடந்தாள். பத்தடி தூரம்தான். மூன்றாவது அடியில் தரை இடப்பக்கமாகச் சரிந்தது. சமாளித்து நின்றாள். சரிந்தது தரை அல்ல, அவள். உடம்பை வலப்பக்கம் இழுத்தாள். அது வரவில்லை. இடுப்புக்கு மேலே யாரோ கையை வைத்து மெதுவாக, அவசரமே இல்லாமல் அழுத்துவதுபோல் இருந்தது.

கதவு மேலே குறுகியிருந்தது. கீழே அகன்றிருந்தது. அதன் இரண்டு பக்கச் சுவர்களும் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. கையை நீட்டினாள். தாழ்ப்பாள் அங்கே இல்லை. சுவர்தான் இருந்தது. மறுபடி நீட்டினாள். மறுபடி சுவர். கண்ணுக்கு எதிரே தெரியும் கதவு கைக்கு எங்கோ தள்ளி இருந்தது.

"டீச்சர்!"

குரலும் சாய்ந்துதான் போயிற்று. வெளியே கொடியில் துணி உதறும் சத்தம். மழை. மழைக்கு நடுவே டீச்சர் ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பத்தடி தூரத்தில்.

முழங்கால் மடங்கியது. கன்னம் தரையில் பட்டது. சில்லென்றிருந்தது. அங்கிருந்து பார்க்கும்போது ஹால் முழுவதும் நசுங்கியிருந்தது. மேஜை ஒரு கோடு. நாற்காலி ஒரு கோடு. வாசல் கதவு, விரலால் அழித்துவிடலாம் போல, மெல்லிய ஒரு கோடு.

ஒன்று மட்டும் நசுங்கவில்லை.

முகத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாதங்கள். வெறும் பாதங்கள். சதுரமான ஒரு டைல்ஸின் நடுவில், அளவெடுத்து வைத்ததுபோல. அவற்றுக்கு மேலே, கோணலும் மாணலுமாகச் சாய்ந்து கிடந்த அந்த வீட்டில், தலை கூரையைத் தொட, அது நேராக நின்றுகொண்டிருந்தது.

பிறகு அது குனிந்து, அவளுடைய நான்கு மூலைகளையும் பிடித்தது.