தவறினால் நான்கு

ஆட்டத்துக்குக் கிளம்பும்போது பெட்டி கட்டிக்கொண்டு போவது யூரோப்பாவில் வழக்கம். இரண்டு கம்பளிச் சட்டை, பல்பொடி, வீட்டார் படம் ஒன்று. தோற்ற அணியில் யாருடைய பயன்மதிப்பு எல்லோருக்கும் கீழே இருக்கிறதோ, அவர் வீடு திரும்புவதில்லை. அரங்கத்தின் பின்வாசலில் மின்தூக்கி காத்திருக்கும், நேரே பனிச்சுரங்கம்.

"கையுறையை மேலாக வச்சிருக்கேன். தேடாதீங்க" என்று சொல்லி ஜெபசிங்கின் பெட்டியை மூடினாள் அவன் மனைவி ஹெலன்.

வியாழனின் அந்தத் துணைக்கோளில் ஒரு பெரிய கூரையின்கீழ் ஒரு நகரமே குடியிருந்தது. அங்கே குடிக்கிற தண்ணீரும் மூச்சுவிடுகிற காற்றும் கீழே வெட்டியெடுக்கும் பனியிலிருந்து வந்தன. வெட்ட ஆள் வேண்டும். விரும்பிப் போக ஒருவரும் இல்லை. சீட்டுக் குலுக்குவது காட்டுமிராண்டித்தனம் என்று கருதிய முன்னோர், ஒவ்வொரு தொழிலிலும் கடைசியாக நிற்பவர் இறங்கட்டும் என்று நாகரிகமாக முடிவு செய்தார்கள். ஆசிரியர், சமையல்காரர், கூடைப்பந்துக்காரர் என்று எல்லோருக்கும் பயன்மதிப்பு உண்டு. அதைக் கணக்கிடும் புள்ளிவிவரப் பேரவையின் உறுப்பினர்களுக்கு மட்டும் கிடையாது. அளவுகோலை எதைக்கொண்டு அளப்பது என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான்.

வீரர்களின் காதுக்குப் பின்னால் எண்செவி என்றொரு சில்லு பதித்திருந்தது. கைமாற்றிய பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தால் கால் புள்ளி ஏறும். கூடையில் விழுந்தால் இரண்டு ஏறும். தவறினால் நான்கு இறங்கும். ஏறுவதையும் இறங்குவதையும் அது அப்போதைக்கப்போதே காதில் ஓதிக்கொண்டிருக்கும். பார்வையாளர்கள் பந்தைப் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள். வீரர்களின் தலைக்கு மேல் மிதக்கும் எண்களைத்தான் பார்ப்பார்கள்.

அன்று ஆட்டம் முடிய இருபது விநாடி இருந்தபோது ஜெபசிங்கின் அணி முப்பதுக்கு முப்பத்தொன்று என்று பின்தங்கியிருந்தது. பயிற்சியாளர் ரங்கமணி இடைவேளை கேட்டு எல்லோரையும் கூட்டினார்.

"யாரும் அவசரப்பட்டுக் கூடைக்குப் போட்டுடாதீங்கப்பா. போட்டாத்தானே தவறும்."

"போடலைன்னா தோத்துருவோமே சார்" என்றான் ஜெபசிங்.

"தோக்கப் போறது டீம். கீழ போகப் போறது ஒருத்தன். நீ எதுக்கு நடுவுல?"

அந்த ஒருத்தன் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் மணவாளனைப் பார்க்கவில்லை. அவன் முட்டி வீங்கியிருந்தது. தலைக்கு மேல் பதினொன்று மிதந்தது. அவனுக்கு அடுத்துக் கீழே இருந்தவன் ஜெபசிங், பதின்மூன்று.

மணவாளன் காலணிக் கயிற்றை இறுக்கினான். "என் பெட்டியில முறுக்கு இருக்கு. யாராவது எடுத்துக்கங்கடா. கீழ குளிர்ல பல்லு ஆடிடுமாம்."

பந்து உள்ளே வந்தது. அணித்தலைவன் துளசிராமன் அதை வாங்கிய வேகத்தில் பக்கத்திலிருந்தவனிடம் தள்ளினான். அவன் அடுத்தவனிடம். கால் புள்ளி, கால் புள்ளி என்று காதுகள் இனித்தன. எதிரணியும் தடுக்க வரவில்லை. மேலே கை பட்டால் அவர்களுக்கும் இழப்பு. விழா மேடையில் யார் தலைமை தாங்குவது என்று உபசரித்துக்கொள்ளும் பெரியவர்களைப்போல் பத்துப் பேரும் ஒதுங்கி ஒதுங்கி நின்றார்கள். கடைசியில் பந்து ஜெபசிங்கிடம் வந்தது. எதிரே ஒருவரும் இல்லை. கூடை வாயைத் திறந்துகொண்டிருந்தது.

"மாத்துடா, மாத்து" என்று கத்தினான் துளசிராமன்.

ஜெபசிங் கூடைக்கு வீசினான்.

யூரோப்பாவின் ஈர்ப்பு சொற்பம் என்பதால் கூடை மாடி உயரத்தில் இருக்கும். பந்து நிதானமாகத்தான் ஏறும். அது ஏறிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது. பல வருடங்களில் முதல்முறையாக அரங்கம் முழுவதும் பந்தைப் பார்த்தது. அது விளிம்பில் விழுந்து, ஒரு சுற்று சுற்றி, யோசித்து, வெளியே வந்தது.

"நான்கு கழிகிறது. ஒன்பது" என்றது எண்செவி.

பேரவைத் தலைவர் முனைவர் அம்பலவாணர் மேடையேறினார். கைமாற்றலில் இது நகரம் கண்டிராத துல்லியம், கடைசி விநாடியில் மட்டும் ஒரு களங்கம் என்று வருந்தினார். ஆட்டநாயகன் விருது மெய்யப்பனுக்குப் போனது. நான்கு பருவங்களாக ஆடுகளத்தில் கால் வைக்காமல் பெஞ்சிலேயே இருந்தவன். ஒரு பிழைகூட இல்லை. விருதை வாங்கும்போது மெய்யப்பன் நெகிழ்ந்து அழுதான்.

மின்தூக்கி வாசலில் மணவாளன் முறுக்குப் பொட்டலத்தை ஜெபசிங்கின் பெட்டிக்குள் வைத்தான். முகத்தைப் பார்க்கவில்லை. "நல்ல வீச்சுடா" என்றான், தன் சில்லுக்குக் கேட்காதபடி.

கீழே அவனை எதிர்கொண்டவள் செல்லக்கிளி. ஒரு காலத்தில் அவள் படம் நகரத்துச் சுவர்களில் இருந்தது.

"போட்டியா?"

"போட்டேன்க்கா."

"விழுந்துச்சா?"

"விளிம்புல சுத்திட்டு வெளிய வந்துடுச்சு."

"எனக்கும் விளிம்புதான். வா, கஞ்சி ஆறுது."

இரண்டே நாளில் குளிர் தாங்காமல் எண்செவி செத்தது. காதில் ஓதல் நின்றதும் ஜெபசிங்குக்கு முதலில் தூக்கம் வரவில்லை; பிறகு குழந்தைபோல் தூங்கினான்.

சுரங்கத்துக்கும் கீழே அடிக்குழி என்று ஒன்று இருந்தது. காற்று மெலிந்த இடம். எப்போதும் ஒரு ஆள் அங்கே இருந்தாக வேண்டும். மாதம் ஒருவராக முறை வைத்துப் போனார்கள். ஒரு மாதம் என்றால் உடம்பு தாங்கும். இருமிக்கொண்டாவது திரும்பி வந்துவிடலாம்.

ஓய்வு நேரத்தில் கந்தல் துணிப் பந்தை வைத்து விளையாடினார்கள். உடைந்த குழாய் வளையம்தான் கூடை. விளையாட வந்தவர்கள் எல்லோரும் என்றோ ஒருநாள் மேலே துணிந்து வீசியவர்கள். இப்போதும் வீசினார்கள், தவறினார்கள், ஒருவரையொருவர் கிண்டல் செய்தார்கள்.

ஒருநாள் ஜெபசிங் சுரங்கத்தின் மறுகோடியிலிருந்து, விளக்கில்லாத இடத்திலிருந்து, உத்திரத்துக்கு மேலாக வீசினான். பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே விழுந்தது. எல்லோரும் கூவினார்கள். கஞ்சி குடிக்கும்போது அவன் மெதுவாக அந்தப் பேச்சை எடுத்தான்.

"எந்தப் பந்து?" என்றான் கூடப் பனி வெட்டும் சிங்காரம்.

ஜெபசிங் எழுந்து போய் உளியை எடுத்துப் பனிச்சுவரில் ஒரு கோடு கீறினான்.

"என்னடா அது?" என்று கேட்டாள் செல்லக்கிளி.

"சும்மாக்கா. ஞாபகத்துக்கு."

"அப்ப நேத்து நான் போட்டது?" என்றான் சிங்காரம்.

நியாயம்தானே. சிங்காரத்துக்கும் ஒரு கோடு விழுந்தது. பிறகு கோடுகளுக்கு மேலே பெயர்கள் வந்தன. வெறுமனே வீசி வீசிக் கோடு சேர்க்கிறார்கள், தவறியதைக் கழிக்க வேண்டாமா என்று ஒரு தகராறு. எத்தனை கழிப்பது என்று புரியாமல் முழித்தார்கள்.

"நாலு" என்றான் ஜெபசிங். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் வந்தார். சுவரின் முன்னால் நெடுநேரம் நின்றார்.

"பிரமாதமா இருக்கேப்பா. இனிமே அடிக்குழிக்கு முறை எதுக்கு, வீண் சண்டை எதுக்கு? அதான் எழுதியே இருக்கே" என்றார்.

முதல் பெயர் ஜெபசிங். கடைசிப் பெயர் செல்லக்கிளி. அவளுக்குத் தோள் போய் வெகுநாளாயிற்று. அடுத்த மாதமும் கடைசிப் பெயர் அதுவாகத்தான் இருக்கும், அதற்கடுத்த மாதமும்.

அவள் பெட்டியைக் கட்டினாள். ஏணியில் கால் வைத்தவள் திரும்பி, "சரியாக் கூட்டினியாடா?" என்றாள்.

ஜெபசிங் சுவருக்குப் போனான். எங்கேயாவது பிழை இருக்காதா என்று கோடுகளை விரல் வைத்து, முதலிலிருந்து ஒருமுறை, கடைசியிலிருந்து ஒருமுறை எண்ணினான். விரல் மரத்துப்போனது.

"சரியாத்தான் இருக்குக்கா" என்றான். அவன் குரலில் லேசாக ஒரு பெருமை இருந்தது.