மூன்றில் ஒன்று பொய்

மாலை ஐந்து இருபதுக்கு வீட்டின் வடக்குச் சுவருக்கு வெளியே வெப்பம் முப்பத்தேழு டிகிரி, ஈரப்பதம் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று போன் காட்டியது. அதே நிமிஷம் கிழக்குச் சுவர் சென்சாரும் பின்வாசல் சென்சாரும் இருபத்துநான்கு டிகிரி, ஐம்பத்திரண்டு சதவீதம் என்றன. ஒரே வீடு, ஒரே வானம், மழையும் இல்லை. அவன் உதட்டைப் பிதுக்கினான். மச்சினன் வாங்கித் தந்த சாமான் வேறு எப்படி இருக்கும்?

அடுத்தவர் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பதுதான் அவன் உத்தியோகம். அதனால் உலகத்தில் பாதிப்பேர் முட்டாள்கள் என்பதில் அவனுக்குச் சந்தேகமே கிடையாது. மிச்சப் பாதிப்பேரைப் பற்றி, சென்சார் வாங்க ஒரு மாதம் உட்கார்ந்து விமர்சனங்களைப் படித்தபோது தெரிந்துகொண்டான். ஐந்து நட்சத்திரம் போட்டவர்கள் டப்பாவைப் பிரித்த சந்தோஷத்தில் போட்டவர்கள். ஒற்றை நட்சத்திரக்காரர்கள் அதை உச்சி வெயிலில் மாட்டிவிட்டு, சூடு அதிகம் காட்டுகிறது என்று அழுதவர்கள். அத்தனை குப்பையையும் கிளறித்தான் வெள்ளைத் தட்டுகளை அடுக்கிய கூண்டுக்குள் இருக்கும் நல்ல சென்சார் இரண்டை அவன் தேர்ந்தெடுத்தான். மூன்றாவது, மனைவியின் தம்பி பரிசாகக் கொடுத்த மலிவுச் சென்சார்; பார்க்கச் சோப்பு டப்பா, அவன் வைத்த பெயரும் அதுதான்.

இவ்வளவும் ஏழு வயது மகளுக்காக. ஈரக்காற்று பட்டால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். அடைத்த அறையிலும் மூச்சு முட்டும். அதற்காக அவள் ஜன்னலுக்கு மோட்டார் வைத்திருந்தான். வெளியே மூன்று சென்சாரும் காற்று காய்ந்திருக்கிறது என்று சொன்னால் ஜன்னல் திறக்கும். ஒன்று மறுத்தாலும் மூடியே இருக்கும். இப்போது ஒரு வாரமாக, பள்ளிவிட்டு வந்து அவள் படுக்கும் நேரம் பார்த்து, அந்த ஜன்னலை ஒட்டி மாட்டியிருந்த சோப்பு டப்பா மறுத்துக்கொண்டிருந்தது.

கழற்றி வந்து சோதித்தான். ஈர உப்போடு மூடிய டப்பாவுக்குள் வைத்தால் எந்த ஒழுங்கான சென்சாரும் எழுபத்தைந்து சதவீதம் காட்ட வேண்டும். மூன்றையும் உள்ளே வைத்தான். விலை கூடிய இரண்டும் எழுபத்தாறும் எழுபத்துநான்கும் காட்டின. சோப்பு டப்பா சரியாக எழுபத்தைந்து காட்டியது. ஏதோ குருட்டு அதிர்ஷ்டம் என்று தள்ளிவிட்டான்.

மறுநாள் நல்ல சென்சார் ஒன்றை வடக்குச் சுவரில் மாட்டினான். ஐந்து இருபதுக்கு அதுவும் முப்பத்தேழு என்றது.

வெளியே போய்ப் பார்த்தான். அந்தப் பக்கம் மதில், மதிலுக்கு அப்பால் காலி மனை. வெயில் படாத சுவர் கையில் சில்லென்று இருந்தது. ஆனால் ஜன்னல் அருகே மட்டும் காற்று வெதுவெதுப்பாகத் தேங்கி நின்றது, தூங்கி எழுந்த வாயின் வாடையோடு. கண்ணாடியின் வெளிப்புறத்தில், அவன் தலைக்கும் மேலே, தட்டு அளவுக்கு வட்டமாக ஆவி படிந்திருந்தது. சாக்கடை ஆவிதான் என்று எரிச்சலோடு எம்பித் துடைத்தான். முதுகைத் திருப்பி நாலு எட்டு வைத்துத் திரும்பிப் பார்த்தபோது அந்த வட்டம் மறுபடி வந்திருந்தது. பாழாய்ப்போன கண்ணாடி.

சென்சாரை விநாடிக்கு ஒருமுறை அளக்க வைத்து, கோட்டுப் படத்தைப் பெரிதாக்கினான். ஈரப்பதம் ஏறியது, இறங்கியது. ஏறியது, இறங்கியது. அவசரமே இல்லாமல், ஒரே சீராக.

"அப்பா, ஜன்னல் ஏன் திறக்கவே மாட்டேங்குது?" என்று மகள் கட்டிலிலிருந்து கேட்டாள்.

"வெளில ஈரம்னு பொய் சொல்லுதும்மா."

"பொய் இல்லப்பா. அது வந்து நின்னா ஈரமாத்தான் இருக்கும்."

"எது?"

அவள் தோளைக் குலுக்கிவிட்டு இன்ஹேலரை வாயில் வைத்துக்கொண்டாள். பேய்க்கதை சொல்லிக் குழந்தையைக் கெடுத்து வைத்திருக்கிறான் என்று மச்சினனுக்கு அப்போதே போன் போட்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல மாமா. ஆனா வேற சென்சார் மாட்டியும் அதே நம்பர் வருதுன்னா, அந்த எடத்துலதான மாமா என்னமோ இருக்கு?"

"நீ உன் வேலையப் பாருடா."

அவனுக்குத் தெரிந்த வழியில் அவன் வேலையை முடித்தான். மூன்றில் இரண்டு ஒத்துப்போனால் அதுதான் உண்மை. ஒத்துப்போகாததைத் தள்ளிவிடு. அலுவலகத்தில் தினமும் செய்வதுதான். சோப்பு டப்பாவையே பழையபடி வடக்குச் சுவரில் மாட்டிவிட்டு, வெளியே இருக்கும் மூன்றுக்கும் அந்த விதியைப் போட்டான். கையோடு வீட்டுக்குள் கூடத்திலும் அவன் அறையிலும் மகள் அறையிலும் ஏற்கெனவே மாட்டியிருந்த மூன்று சென்சாருக்கும் அதையே போட்டான்.

அடுத்த மாலை மனைவி வேலையிலிருந்து வரவில்லை. மகள் படுத்திருந்தாள். அவன் பக்கத்து அறையில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தான். ஐந்து இருபது. 'வடக்கு: கணக்கில் இல்லை' என்று போன் காட்டியதும் சிரிப்பு வந்தது. ஒரு சோப்பு டப்பாவோடு ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறான்.

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் உறுமியது. ஒரு வாரத்தில் முதல்முறையாக, இந்த நேரத்தில், மகளின் ஜன்னல் திறந்துகொண்டிருந்தது. வழக்கமாகப் பத்து விநாடியில் அடங்கும் சத்தம் இன்று அடங்கவில்லை. திணறியது, நின்றது, யாரோ அதன்மேல் பாரத்தைப் போட்டதுபோல மறுபடி இழுத்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் அந்த ஜன்னலை மூடி வைத்திருந்தது அந்தச் சோப்பு டப்பாதான். அது ஒன்றுதான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயை அடைத்தது அவன்.

போனைப் பார்த்தான். வடக்கு: இருபத்துநான்கு, ஐம்பத்திரண்டு. மூன்றும் ஒத்துப்போய்விட்டன. அங்கே ஒன்றும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டான்.

கீழே இன்னொரு வரி.

பாப்பா அறை: முப்பத்தேழு. தொண்ணூற்றொன்பது.

எழுந்து ஓடினான். கதவுப்பிடி ஈரம். வழுக்கியது. மகளின் இழுப்புச் சத்தம் கேட்கவில்லை. வேறொரு மூச்சு கேட்டது. நீளமாக. ஏறி. இறங்கி.

"அப்பா..." உள்ளிருந்து மகள் கூப்பிட்டாள், ரகசியம் பேசும் குரலில். "ஜன்னல மூடிடாதீங்க. அதோட கால் இன்னும் வெளிலதான் இருக்கு."

கதவைத் தள்ளினான். ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது. திரைச்சீலை அசையவில்லை. மகள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதிரே, கூரைக்குச் சற்றுக் கீழே, எதையோ அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அவள் நெற்றி முடி மட்டும் ஈரத்தோடு பின்னால் பறந்தது. படிந்தது. பறந்தது. படிந்தது.

அவன் கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. பாப்பா அறை: கணக்கில் இல்லை.