நெசிஹா மாமியின் நீலக் கிண்ணம்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வந்தது அதைவிடப் பெரிய கோபம்.

என் தம்பி துனாவுக்கு ஐந்து வயது. இறைச்சி, பால், முட்டையில் இருக்கும் புரதத்தில் ஒரு பகுதியை அவன் உடம்பால் செரித்துக் கழிக்க முடியாது. பிறவியிலேயே அப்படி. அது ரத்தத்தில் தேங்கினால் மூளையைக் கெடுத்துவிடும். அதனால் அம்மா அவனுக்கு உருளைக்கிழங்கைக்கூடத் தராசில் நிறுத்துத்தான் போடுவாள்.

அந்த வாரம் ரத்தப் பரிசோதனையில் அதன் அளவு இரண்டு மடங்கு ஏறியிருந்தது. அம்மா தராசைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். துனாதான் மெதுவாகச் சொன்னான்: "மேல்வீட்டு மாமி கோஃப்தே குடுத்தாங்க. தினமும். அம்மாகிட்ட சொல்லாதேன்னாங்க."

அம்மா அழுதாள். வயதில் பெரியவர், பாசத்தில் கொடுத்திருக்கிறார், எப்படிக் கேட்பது என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கறி உருண்டையில் என்ன பாசம்? "ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போகுது?" என்பது நெசிஹா மாமியின் தினசரிப் பாட்டு.

அன்று மாலையே மாமி வீட்டிலிருந்து ஒரு நீலக் கிண்ணத்தில் அஷூரே வந்தது. கோதுமை, கொண்டைக்கடலை, வால்நட் எல்லாம் போட்ட இனிப்புக் கஞ்சி. துனா வாசனையை மட்டும் பிடித்துவிட்டு நகர்ந்தான்.

துருக்கியில், எங்கள் கைசேரி ஊரில், பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. கழுவி, நான்கு ஆப்பிள் போட்டுக் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள் அம்மா. நான் ஆப்பிளுக்குப் பதில், டாக்டர் துனாவுக்குத் தரும் மருந்து மாவைப் பால்போலக் கலக்கி அதில் ஊற்றினேன். மாடிப்படி முழுக்க நாறியது.

"என்னடி பெரில், அய்ரான் மோரா?" என்றார் மாமி.

"குடிச்சுப் பாருங்க மாமி. ஒரு வாய்தானே, என்ன ஆயிடப் போகுது?"

குடித்தார். முகம் கோணியது. ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"துனா இதைத் தினமும் மூணு வேளை குடிக்கிறான். அவனுக்கு வேண்டிய சத்து இதுலதான் இருக்கு. நீங்க குடுத்த கோஃப்தே அவன் மூளைக்கு விஷம், மாமி."

மாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உங்கம்மா பிள்ளையைப் பட்டினி போடறான்னு நினைச்சேன்டி."

பரவாயில்லை என்று நான் சொல்லவில்லை. பரவாயில்லை என்று விடக்கூடிய விஷயமா அது? இறங்கி வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கதவு தட்டப்பட்டது. மாமி நீலக் கிண்ணத்தோடு நின்றார். முதன்முறையாக அது வெறுமையாக இருந்தது. அம்மாவின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். பிறகு, துனாவும் சாப்பிடக்கூடிய அஷூரேக் கஞ்சிக்கு என்னென்ன போடலாம், எவ்வளவு போடலாம் என்று கேட்டார்.

சோளமாவு, ஆப்பிள், உலர்ந்த ஆப்ரிகாட் என்று அம்மா சொல்லச் சொல்ல, மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தராசின் முன் குனிந்தார். கடைசி ஆப்ரிகாட்டை வெளியே எடுத்து வைத்தார்.

"ஒரு கிராம் கூடுது."

"ஒரு கிராம்தானே மாமி," என்றேன்.

மாமி என்னை முறைத்த முறைப்பில் அத்தனை கோபம். அப்போதுதான் என் கோபம் இறங்கியது.