செம்பு வாஷரும் மாட்டு டாக்டரும்

"ஏங்க! தண்ணியில டீசலை ஊத்தி மீனையெல்லாம் தாளிக்கப் போறீங்களா?"

படகுத்துறையின் மரப்பாலத்தில் நின்று கத்தியவள் ஒரு மெக்கானிக். வேறு ஒரு படகுக்கு பேட்டரி மாற்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாள். வழியில் ஒரு சின்னப் பாய்மரப் படகு... அதன் ஓரத்தில் தண்ணீர் பல வண்ணமாய் மினுங்கிக்கொண்டிருந்தது. பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது அவளுக்கு.

படகின் உள்ளிருந்து ஒரு தலை எழும்பியது. கலைந்த முடி, கன்னத்தில் கரி... ஆனால் அந்தக் கண்கள்! திட்டு வாங்கும்போதுகூட சிரிக்கிற கண்களை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"நான் ஊத்தலைங்க... அதுவா ஒழுகுது. நாலு நாளாத் தேடறேன். நான் ஊர்ல இல்லாதப்ப எங்க அக்கா யாரோ ஒரு மெக்கானிக்கை வெச்சு பில்டர் மாத்தியிருக்கா. அந்தப் புண்ணியவான் கை வெச்சதிலேர்ந்து..."

"புண்ணியவான் இல்ல. புண்ணியவதி. நான்தான் அது!"

அவன் திருதிருவென்று விழித்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்... யார் கேட்டார்கள்?

அவளுக்கோ இதை அப்படியே விட முடியாது. கடையில் அப்பா போட்ட நிபந்தனை அப்படி. 'ஒரு மாசம் படகு வேலையைத் தனியாப் பாரு. ஒரே ஒரு வேலை கெட்டுத் திரும்பி வந்தாலும் மறுபடி கவுன்டர்தான்.' மூன்று வருடம் அந்தக் கவுன்டரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்து உட்கார்ந்தவள் அவள். இன்று முப்பதாவது நாள். கரை தெரிகிற நேரத்தில் இப்படி ஒரு சோதனை!

"என் வேலையில ஒழுகாது. என்ன பந்தயம்?" என்று படகில் குதித்தாள். "நான் போட்ட இணைப்புல ஒழுகினா இனிமே ஸ்பேனரையே தொட மாட்டேன். ஒழுகலைன்னா, நீங்க எங்க கடைக்கு வந்து எங்கப்பா முன்னாடி மன்னிப்புக் கேக்கணும்."

"சரிங்க..."

"ஆமா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"கால்நடை டாக்டர்."

"அதானே பார்த்தேன்! மாட்டு டாக்டருக்கு என்ஜினைப் பத்தி என்ன தெரியும்?"

"மாடும் எங்க வலிக்குதுன்னு சொல்லாதுங்க. தேடித்தான் பார்க்கணும்."

பதில் நன்றாகத்தான் இருந்தது. சிரிப்பு வந்துவிடுமோ என்று குனிந்துகொண்டாள்.

"சொட்டற இடத்துல ஓட்டை இருக்காது டாக்டர். குழாயைப் பிடிச்சுக்கிட்டே வழிஞ்சு வந்து, எங்கயோ தள்ளி நின்னு சொட்டும்."

டேங்கிலிருந்து என்ஜின் வரை ஏழு இணைப்புகள். ஒவ்வொன்றையும் துணியால் பளிச்சென்று துடைத்தாள். ஒவ்வொன்றிலும் வெள்ளை டிஷ்யூவைச் சுற்றி, நூலால் ஒரு சுருக்கு முடிச்சு. எந்த டிஷ்யூ நனைகிறதோ அங்கேதான் திருடன்! அவன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். டார்ச் குழாயைப் பார்த்தது... அவன் அவளைப் பார்த்தான்.

என்ஜின் ஓடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. "அய்யோ, என் பை!" பாலத்தில் விட்ட கருவிப் பையை எடுக்க ஓடினாள். தொப்பலாய் நனைந்து திரும்பியபோது என்ஜின் நின்றிருந்தது. அவன் ஒரு துண்டை நீட்டினான்.

"மாட்டைத் துடைச்சதா?"

"புதுசுங்க... கன்னுக்குட்டிக்குன்னு வாங்கினது."

அவளுக்குக் களுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் அவன் சிரிக்கவில்லை. "ஏழும் காஞ்சிருக்குங்க. நீங்கதான் ஜெயிச்சீங்க. வேற எங்கயோ ஒழுகுது போல... விடுங்க, நான் பார்த்துக்கறேன்."

முகத்தைப் பார்த்தே பேசவில்லையே இவன்... அவள் டார்ச்சை வாங்கி உள்ளே குனிந்தாள். பில்டரின் தலையில் இருந்த டிஷ்யூ வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆனால் அந்த முடிச்சு அவள் போட்டதில்லை. இரண்டு சுற்று சுற்றி, தட்டையாக இறுக்கி, நுனிகளை ஒரே அளவில் கத்தரித்த முடிச்சு... காயம் தைக்கிற கைக்குத்தான் அது வரும்.

"டாக்டர்... பாக்கெட்டுல என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"எடுங்க."

கசங்கிய டிஷ்யூ. டீசலில் ஊறியிருந்தது.

சட்டென்று அவளுக்கு இந்தப் படகில் பில்டர் மாற்றிய சாயங்காலம் நினைவுக்கு வந்தது. பில்டர் போல்ட்டுக்கு அடியில் போட, பையில் அந்த அளவு புது செம்பு வாஷர் இல்லை. பழையது பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று அதையே மாட்டினாள். ஒரு முறை நசுங்கிய செம்பு மறுமுறை சரியாக உட்காராது... கவுன்டரில் வருகிறவர்களுக்கெல்லாம் அவளே சொல்லிக்கொடுத்த பாடம் அது!

கண்ணில் நீர் முட்டியது. அதைவிடக் கோபம் அதிகமாக முட்டியது.

"என் தப்பை மூடி மறைக்க நீங்க யாருங்க? நான் கேட்டேனா?"

"கேக்கலைங்க." அவன் குரல் இறங்கிவிட்டது. "இனிமே ஸ்பேனரையே தொட மாட்டேன்னீங்க... அப்புறம் உங்களை எந்தச் சாக்குல மறுபடி கூப்பிடறது? உங்களைப் பிடிச்சுப் போச்சுங்க. ஒரு மணி நேரத்துல இப்படிப் பிடிக்குமான்னு கேட்டா... எனக்கே தெரியல."

அவள் போனை எடுத்தாள். அப்பாவின் எண்ணை அழுத்தினாள்.

"அப்பா... போன வாரம் பில்டர் மாத்தின சின்னப் படகு ஒழுகுது. பழைய வாஷரையே போட்டுட்டேன். என் தப்புதான்."

"படகுக்காரர் புகார் சொன்னாரா?"

"இல்லப்பா. அவர் மறைக்கத்தான் பார்த்தார். நான்தான் சொல்றேன்."

அந்தப் பக்கம் ஒரு செருமல்.

"புது வாஷர் இருக்கா?"

"இப்ப பையில இருக்குப்பா."

"மாத்திட்டு வா. வர்ற வழியில, கவுன்டருக்கு வேற ஆள் வேணும்னு ஒரு போர்டு எழுதி வாங்கிட்டு வந்துடு."

போன் வைக்கப்பட்டது. அவள் முகத்தை அந்தக் கன்றுக்குட்டித் துண்டில் புதைத்துக்கொண்டு ஒரு மூச்சு அழுதாள்... நிம்மதியாக இருந்தது.

பத்தே நிமிடத்தில் புது வாஷர் உட்கார்ந்தது. என்ஜின் ஓடியது. டிஷ்யூ நனையவில்லை. மழையும் விட்டிருந்தது. அவள் கருவிகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தாள்... ரொம்ப மெதுவாகத்தான் வைத்தாள்.

"போறீங்களா?" என்றான் அவன். "என் மேல இருந்த கோவம் போயிடுச்சா?"

"போகல." அவள் நிமிர்ந்து அவனை நேராகப் பார்த்தாள். "கோவம் அப்படியேதான் இருக்கு. உங்களையும் பிடிச்சிருக்கு. ரெண்டும் இருந்துட்டுப் போகட்டுமே... இப்ப என்ன அதுக்கு?"