பேச முடியாது, எழுதுங்கள்

‘நான் நலம். நீங்கள் நலமா?’

பிரியந்தி இப்படி எழுதுகிறவளே இல்லை. கொழும்பில் துணிக்கடை வேலைக்குப் போன அந்த மூத்த மகள் அனுப்புவதெல்லாம் ஏச்சுதான். ‘யோவ் கெழவா, தின்னுட்டியா? சளிமூக்கி படிக்கிறாளா?’ என்று இங்கிலீஷ் எழுத்தில் தமிழைக் கொட்டுவாள். சளிமூக்கி என்றால் தங்கச்சி பூரணி. அந்த ஏச்சைப் படித்தால்தான் அப்பா அழகுமுத்துவுக்குச் சோறு இறங்கும்.

தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளில் சிக்னல் கிடையாது. கவ்வாத்து வெட்டி மொட்டையாக நின்ற மலையின் உச்சிப் பாறையில் ஏறினால்தான் போனுக்கு உயிர் வரும். அங்கிருந்து அவளுக்குக் கோல் எடுத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. பிறகு மெசேஜ் வந்தது.

‘பேச முடியாது. எழுதுங்கள்.’

எழுதினார். பெத்த மனம் கேட்குமா? பொழுது சாயும்போதெல்லாம் ஈரத் தேயிலை வாடைக்குள், அட்டைகளை உதறிக்கொண்டு ஏறி, கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதினார். ‘கோவமா கண்ணு? ஏன் யாரோ மாதிரி எழுதுற? யோவ் கெழவா தின்னுட்டியான்னு கேக்க மாட்டியா? நீ பஸ்ஸ விட்டு எறங்குனா பேக்கு தூக்க சளிமூக்கிதானே ஓடி வருவா. எனக்கு இப்ப முழங்காலு வீங்கிருச்சு.’

இன்று பூரணியும் கூட வந்திருந்தாள். பனி கீழ் மலையை மூடிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது.

‘யோவ் கெழவா, தின்னுட்டியா? பஸ்ஸ விட்டு எறங்கிட்டேன். பேக்கு தூக்க சளிமூக்கிய அனுப்பு. நீ வராத, முழங்காலு வீங்கிருச்சு.’

அழகுமுத்து அழுதே விட்டார்.

“அக்கா வந்துருச்சுப்பா! நான் போய்க் கூட்டிட்டு வாறேன்.”

“பாத்துப் போ தாயி, சறுக்கும்.”

டோர்ச் வெளிச்சம் செடிகளுக்கு நடுவே துள்ளித் துள்ளி இறங்கியது. அவர் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் கீழ் ரோட்டில் பஸ் வந்தது. அக்கரப்பத்தனைக்குப் போகும் அந்திப் பஸ். அதற்கு முன்னால் வேறு பஸ் எதுவும் இல்லை. மஞ்சள் விளக்குகள் வளைவில் திரும்பின. நிற்கவில்லை. போய்விட்டது.

மெசேஜை மறுபடி படித்தார். முழங்கால் வீக்கம் அவள் போன பிறகு வந்தது. கெழவா, பேக்கு, சளிமூக்கி. எல்லாம் அவர் எழுதியது. அவர் எழுதிக் கொடுத்தது.

“பூரணி! திரும்பி வாடி!”

பனி குரலை விழுங்கியது. இறங்கி ஓடப் பார்த்தார். முழங்கால் மடங்கிப் பாறையிலேயே விழுந்தார். பிரியந்திக்குக் கோல் எடுத்தார்.

கீழே மணி அடித்தது.

ரோட்டில் இல்லை. செடிகளுக்குள். டோர்ச்சுக்குப் பக்கத்தில்.

வெளிச்சம் நின்றது. திரும்பியது. எதையோ பார்ப்பதுபோல் மெல்லக் குனிந்தது.

அணைந்தது.

மணியும் நின்றது.

அவர் மகளின் பெயரைச் சொல்லிக் கத்தினார். இரண்டு பெயரையும் கத்தினார். தேயிலை அசையவில்லை. கையில் போன் சிணுங்கியது.

‘நாங்கள் இருவரும் நலம். பேச முடியாது. எழுதுங்கள்.’

அழகுமுத்துவின் கட்டைவிரல் எழுத்தைத் தேடத் தொடங்கியது.