மதகைத் தொடாத கை

காலையில் பள்ளிக்குள் நுழையும்போது வாசல் எங்கள் பெயரைச் சொல்லும். பெயரோடு கணிப்பையும் சொல்லும். மணிக்கட்டில் கட்டியிருக்கும் கணிமணியைக் கதவருகே காட்டினால் போதும்.

"தாவூத். சமையல், கப்பல்."

"எழிலி. ஆய்வு, நீரடி நகர்."

"வடிவு. பத்தாம் வகுப்பு வரை."

வடிவு நான். எழிலி என் தங்கை. ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள் என்றாலும் எங்களுக்குள் முகச்சாயல் கிடையாது. வாசலின் குரல் எல்லாருக்கும் ஒரே இனிமையோடுதான் பேசும். கேட்டுக்கொண்டு அவளோடு படியேறுவேன். அவள் முன்வரிசைக்குப் போவாள், நான் கடைசி வரிசைக்கு.

கடைசி வரிசை என்பது படிப்பு பத்தோடு முடிகிறவர்களின் இடம். எங்களுக்குக் கணக்குப் பலகை தரமாட்டார்கள். எங்களிடம் கேள்வியும் கேட்கமாட்டார்கள். அது தண்டனை இல்லை, மரியாதை. வராத ஒன்றைக் கேட்டு ஒரு பிள்ளையை ஏன் வருத்த வேண்டும்? வீட்டிலும் அப்படித்தான். எழிலிக்குத் தனி அறை, தனி விளக்கு. மீனில் நடுத்துண்டு அவளுக்கு. "அவ மூளைக்கு வேணும்டி" என்று அம்மா என்னிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வைப்பாள். நான் கோபித்துக்கொண்டதில்லை. மழை பெய்கிறது என்று யாராவது கோபிப்பார்களா?

பிறந்த அன்று ஒரு சொட்டு ரத்தம் எடுப்பார்கள். அந்தக் குழந்தை என்ன ஆகும் என்பதைக் கணிப்பகம் அதிலிருந்து சொல்லிவிடும். பெயரும் அந்தச் சொல்லும் ஒரு மணிக்குள் ஏறும். மணியை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டுவார்கள், வளர்ந்த பிறகு மணிக்கட்டுக்கு மாற்றுவார்கள். பிறகு பதினைந்து வயதில் ஒருமுறை ரத்தம் பார்த்து உறுதி செய்வார்கள். கணிப்பு தவறியதே இல்லை. கடல் ஏறிய பிறகு தூண்களின் மேல் கட்டிய எங்கள் மேட்டுக் கடலூரில், படகுத்துறைக்கு எதிரே ஒரு பெரிய பலகை இரவும் பகலும் ஒளிரும். "பிழை: சுழியம்."

அந்த ஆண்டுதான் எங்களுக்குத் துன்பியல் என்று ஒரு புதுப் பாடம் வந்தது. முன்காலத்து மனிதர்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள் என்று நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டுமாம். நடத்த வந்தவர் அமலோற்பவம் மிஸ். புதிதாக வேலைக்கு வந்தவர், பேசும்போது மூச்சு வாங்கும். முதல் வகுப்பில் ஒரு பழைய கூத்தின் கதையைச் சொன்னார்.

ஒரு சிற்றரசன். அவனுக்கு ஒரு பெரிய ஏரி. அதன் மதகை அரசன் கைதான் திறக்க வேண்டும், வேறு எவரும் தொடக்கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். ஒருநாள் குறி சொல்கிறவள் ஒருத்தி வந்து, "உன் ஏரி உன் கையால் உடையும்" என்கிறாள். அன்றிலிருந்து அவன் ஏரிப் பக்கமே போவதில்லை. வலது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு இடது கையால் சாப்பிடுகிறான். ஒரே மகளை ஏரிக்கு வெகுதூரத்தில் கட்டிக்கொடுக்கிறான். ஐப்பசி மழையில் ஏரி நிறைகிறது. மதகைத் திறக்கச் சொல்லி ஊரே காலில் விழுகிறது. அவன் கையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறான். கரை உடைகிறது. வெள்ளம் போன வழியில்தான் மகளின் ஊர் இருக்கிறது.

மிஸ் சொல்லி முடித்தபோது அவர் குரல் கம்மியிருந்தது. வகுப்பில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

தாவூத் கை தூக்கினான். "மிஸ், அந்த ஆளு எதுக்கு இவ்ளோ அலட்டிக்கறாரு? உடையும்னு தெரிஞ்சுபோச்சு. ஊரைக் காலி பண்ணிட்டுப் போவ வேண்டியதுதானே?"

"அவருக்கு அது நடக்கக்கூடாதுன்னு இருந்துச்சு, தாவூத்."

"நடக்கும்னு சொன்னது எப்படி மிஸ் நடக்காமப் போவும்? எனக்குக் கப்பல்ல சமையல்னு வந்துருக்கு. நான் என்ன அழுதுக்கிட்டா இருக்கேன்? இப்பவே வெங்காயம் நறுக்கப் பழகறேன்."

"நறுக்கும்போது அழமாட்டியா?"

"அது வெங்காயத்துக்கு மிஸ். விதிக்கு இல்ல."

வகுப்பே சிரித்தது. மிஸ்ஸும் சிரித்துவிட்டு, "சரி, ஏரியை உடைச்சது யாரு?" என்று கேட்டார். "குறி", "மழை", "விதி" என்று முன்வரிசையிலிருந்து பதில்கள் வந்தன. எழிலி மட்டும் எதையோ யோசித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள். மிஸ் தலையைத் தூக்கிப் பார்த்து, "பின்னாடி, ஜன்னலோரம், நீ சொல்லும்மா" என்றார்.

சிரிப்பு பட்டென்று நின்றது. எல்லாரும் திரும்பினார்கள். கடைசி வரிசையை யாரும் கேட்பதில்லை என்பது அவருக்குத் தெரியவில்லை.  ஒரு கேள்வி என்னை நோக்கி வந்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"அவர் கைதான் மிஸ்," என்றேன். "தொடக்கூடாதுன்னு வெச்சிருந்தாரே, அந்தக் கை."

மிஸ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எழிலியும் பார்த்தாள்.  அன்று வீட்டுக்குப் போகும் பாதி வழியில், "உனக்கு எப்படிடீ தோணுச்சு அது?" என்று கேட்டாள்.

அந்தக் கிழமையே எங்களுக்கு மெய்ப்பதிவு வந்தது. உயர்படிப்புக்குப் படகேற்றும் முன் ரத்தம் பார்க்கும் சடங்கு அது. ரத்தம் பார்க்கும் மெய்காட்டிக் கருவிக்குக் கண் கிடையாது. முகம் பார்க்காது, விரலை மட்டும் பார்க்கும். வகுப்பறையில் கருவியை வைத்து, கதவைச் சாத்தி, ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைகளாக அழைத்தார்கள். உள்ளே நானும் எழிலியும் அமலோற்பவம் மிஸ்ஸும் மட்டும்.

வெளியே அம்மாவின் குரல் கேட்டது. யாரோ ஒரு பெண்ணிடம் எங்கள் வீட்டுப் பழைய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பொறந்த மூணாம் நாள் எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டினேங்க. மணியில எண்ணெ படக்கூடாதுன்னு ரெண்டு கயித்தையும் அவுத்து வெச்சிருந்தேன். திரும்பக் கட்டுங்கன்னு இவருகிட்ட குடுத்தா, கையெல்லாம் எண்ணெ! மணி ரெண்டும் வழுக்கிக் கட்டிலுக்கடியில ஓடிடுச்சு. தொடப்பத்தை வெச்சுத் தேடினாரு மனுஷன்!"

"கெடச்சுதுல்ல? கட்டிட்டேன்ல?" என்று அப்பா வழக்கம்போலச் சொன்னார். வெளியே எல்லாரும் சிரித்தார்கள்.

மிஸ் கருவியில் "வடிவு" என்று இட்டார். நான் விரலை வைத்தேன். சுருக்கென்றது.

"வணக்கம், எழிலி," என்றது கருவி. "பெயர் பொருந்தவில்லை."

எழிலி சிரித்தாள். "மிஸ், மிஷினுக்கு மெட்ராஸ் கண்ணு வந்துருச்சு."

மிஸ் என் விரலைப் பஞ்சால் துடைத்துவிட்டு மீண்டும் வைக்கச் சொன்னார். "வணக்கம், எழிலி." அடுத்த விரல். "வணக்கம், எழிலி." ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் அதே இனிமையோடு சொன்னது.

"ரெண்டு பேரும் ரெட்டைப் பிள்ளைங்கதானே மிஸ்? ரத்தம் ஒரே மாதிரி இருக்கும்," என்றாள் எழிலி.

"மூஞ்சி வேறன்னா ரத்தமும் வேறதாம்மா." மிஸ்ஸின் உதடு வெளுத்திருந்தது.

வெளியே சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. எனக்கு முதலில் ஒன்றுமே தோன்றவில்லை. பிறகு கட்டிலுக்கடியில் உருளும் இரண்டு மணிகள் தெரிந்தன. மணிகளில் எழுத்து இருக்காது, வாசல்தான் அவற்றைப் படிக்கும். மூன்று நாள் குழந்தைகளில் எது எது என்று யாருக்குத் தெரியும்? மணி மாறினால் பெயரும் மாறிவிடும்.

எழிலி நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்ப... நான்தான் அக்காவா?" என்றாள்.



திரையில் இரண்டு பொத்தான்கள் மின்னின. "மீண்டும்", "தெரிவி". மிஸ் மெதுவாகச் சொன்னார். "தெரிவிச்சா மாத்திடுவாங்க. நாளைக்கே. வடிவு நீ படகேறுவ. எழிலி..."

"கடைசி வரிசையா?" எழிலியின் குரல் கிறீச்சிட்டது. "எனக்குப் படிப்பு வராதுன்னா, இத்தனை வருஷமா வந்தது யாருக்கு மிஸ்? ராத்திரி உக்காந்து படிச்சேனே, அது யாரு?"

"தெரியலம்மா," என்றார் மிஸ். அவர் தன் இரு கைகளையும் மடியில் வைத்து இறுகக் கோத்துக்கொண்டார். "எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. நான் இதைத் தொடமாட்டேன்."

நான் அந்தக் கைகளையே பார்த்தேன்.  அந்த விளக்கு என்னுடையது. அந்த அறை என்னுடையது. கணக்குப் பலகை, கேள்விகள், நடுத்துண்டு எல்லாம் என்னுடையவை. என்னிடம் ஒரு கேள்வி கேட்டதற்கே இத்தனை நாள் தூக்கமில்லாமல் மகிழ்ந்திருந்தேனே. எனக்குள் ஒருத்தி இருந்திருக்கிறாள், அவளுக்கு யாரும் சோறு போடவில்லை. "தெரிவி" என்ற பொத்தான் என் விரலுக்கு அத்தனை பக்கத்தில் இருந்தது. விரலை நீட்டியும்விட்டேன்.

எழிலி தடுக்கவில்லை. "அமுக்குடீ," என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். "உன்னுதுதான். அமுக்கு."

அப்போது ஜன்னலோரத்துக் கடைசி இருக்கை கண்ணில் பட்டது. நான் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான பலகை. அதில் எழிலியை உட்கார வைத்துப் பார்த்தேன். யாரும் அவளைக் கேட்கமாட்டார்கள். ஒரு மழைக்காலம் போதும். அவளுக்கும் படிப்பு வராமல் போய்விடும். கணிப்பு சரிதான் என்று ஊர் சொல்லும். அந்த இருக்கை ஒருத்தியை என்ன செய்யும் என்று இந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

"மீண்டும்" என்பதைத் தொட்டேன். பெயரில் "எழிலி" என்று இட்டு என் விரலை வைத்தேன். "வணக்கம், எழிலி. பெயர் பொருந்தியது." பிறகு "வடிவு" என்று இட்டு, அவள் கையை இழுத்து வைத்தேன். அவள் விரல் சில்லிட்டிருந்தது. "வணக்கம், வடிவு. பெயர் பொருந்தியது."

"யாருடீ உன்னைக் கேட்டா?" என்று எழிலி என் தோளில் அடித்தாள். வலிக்கும்படியாகவே அடித்தாள். "யாரு கேட்டா உன்னை?"

மிஸ் கோத்த கைகளைப் பிரிக்கவே இல்லை. நாங்கள் கதவைத் திறந்தபோது அம்மா, "முடிஞ்சுதா? கண்ணு ஏன்டி செவந்துருக்கு? ஒரு சொட்டு ரத்தத்துக்கா?" என்று சிரித்தாள்.

மாலையில் படகுத்துறைப் பலகை புதுப்பிக்கப்பட்டது. "இவ்வாண்டு மெய்ப்பதிவு நிறைவு. பிழை: சுழியம்." வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுழியத்துக்குள் நாங்கள் இருவரும் இருந்தோம். ஊர் ஊராக எத்தனை அறைகளில் கதவைச் சாத்தியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தேன்.

எழிலி போன அன்று துறை முழுக்கக் கூட்டம். என் படிப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. மீன் உலர்த்தும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். அம்மா எல்லாரிடமும் பெருமையாகச் சொன்னாள். "பொறந்த அன்னிக்கு சொன்னதுங்க. ரெண்டு பேருக்கும் ஒரு எழுத்து மாறல."

படகு சங்கு ஊதியது. ஏறப்போனவள் திரும்பி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். என் காதில் சொல்லியிருக்கலாம். உரக்கவே சொன்னாள்.

"பத்திரமா இருடி, தங்கச்சி."

துறையே சிரித்தது. "யாருடி தங்கச்சி? பயணப் பதட்டத்துல உளறுது பாருங்க எம் பொண்ணு!" என்று அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் தன் உள்ளங்கைகளை விரித்து, இன்னும் எண்ணெய் ஒட்டியிருப்பதுபோல, அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.