போறவங்களுக்கு ஒரு கைதட்டல்

அம்மா அதே திட்டை இரண்டாவது தடவை திட்டினாள்.

முதல் தடவை வழக்கம்போலத்தான் இருந்தது. ஈரத்துண்டைக் கட்டில்மேல் போட்டதற்கான வசவு. "எத்தனை தடவை சொல்றது உனக்கு? இந்த வீட்ல நான் என்ன வேலைக்காரியா?" தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே கத்தினாள், மெஷின் கடகடத்ததில் பாதி கேட்கவில்லை. மகள் முனகிக்கொண்டே துண்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தாள். அப்போது பின்னால் மெஷின் நின்றது. அம்மா எழுந்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கினாள். டிவிக்கு மேலே ஒன்றுமே இல்லாத சுவரைப் பார்த்தாற்போல் திரும்பி நின்று, மூச்சை இழுத்துவிட்டு, அதையே சொன்னாள்.

"எத்தனை தடவை சொல்றது உனக்கு?" ஓர் இடைவெளி. "இந்த வீட்ல..." இன்னும் நீண்ட இடைவெளி. "நான் என்ன வேலைக்காரியா?"

வலது கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு இறங்கி, கன்னத்தின் பாதியில் நின்றது. அம்மா அதைத் துடைக்கவில்லை. சுவர் அதைப் பார்த்து முடிக்கட்டும் என்பதுபோல் நின்றாள். அப்புறம் உட்கார்ந்து திரைச்சீலைக்கு ஓரம் அடிக்க ஆரம்பித்தாள்.

"உங்கம்மாவுக்கு ஏதோ ரீடேக் வியாதி போல," என்றாள் அத்தை, அதைக் கேட்டதும். "நீ ஏன்டி முசுடு மூஞ்சியை உர்ருனு வெச்சிருக்க? துண்டைக் காயப்போட்டா ஒரே டேக்ல ஓகே ஆயிருக்கும்ல?"

முசுடு என்பது அத்தை வைத்த பெயர். பதினாறு வயதில் ஒருத்தியால் இவ்வளவு கடுப்பாக இருக்க முடியுமா என்று வியந்து வைத்தது, வீடே பிடித்துக்கொண்டது. அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் முறிந்து வந்ததிலிருந்து இவர்களோடுதான் இருந்தாள். சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். கிட்டே வந்தால் கஞ்சியும் சுட்ட துணியும் மணக்கும். சிரித்தால் நடுவில் மூக்கிலிருந்து குறட்டை மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். அந்தச் சத்தத்துக்கு அவளே மறுபடி சிரிப்பாள்.

எல்லாம் 'கடைசி ஆள்' பார்க்க ஆரம்பித்ததிலிருந்துதான். ஒரு வீட்டுக்குள் பத்துப் பேரைப் போட்டு அடைத்து, அவர்களை ஒருவர்மேல் ஒருவர் புகார் சொல்ல வைத்து, வாரத்துக்கு ஒருவரை வெளியே அனுப்பும் நிகழ்ச்சி. போகிறவர் அழுதுகொண்டே பெட்டியைத் தூக்கும்போது, கோட்டுப் போட்ட ஆள் ஒருவன் பல்லெல்லாம் தெரிய "போறவங்களுக்கு ஒரு கைதட்டல்!" என்பான். கூட்டம் தட்டும். ஊரே சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தது. யாரோ ஒருத்தி மூக்கைச் சிந்துவதைத் தொட்டுக்கொண்டு சாப்பிட இவர்களுக்கு எப்படி இறங்குகிறது என்று முசுடுக்கு எரியும். அவள் வகுப்பிலும் அந்த வருஷம் வாராவாரம் ஓட்டுப் போட்டு ஒருத்தியை ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவளோடு யாரும் பேசக்கூடாது. டீச்சரே சிரித்துக்கொண்டு, "இந்த வாரம் யாருடி அவுட்டு?" என்று கேட்டாள்.

வீட்டில் ஆரம்பித்து வைத்தது அப்பா. லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் கிரீஸும் இருட்டுமாகக் கிடந்துவிட்டு வருகிறவருக்கு ஒரு விளையாட்டு. நான்கு பேரும் ஓட்டுப் போட வேண்டும், தோற்றவர் ஒரு வாரம் பாத்திரம் கழுவ வேண்டும். டிவியில் இருப்பதுபோலவே நான்கு பைகளையும் துணி அடுக்கிச் செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் வைக்கச் சொன்னார். சாமான் அறையில் பக்கெட்டுகளை ஓரம் தள்ளி, கால் உடைந்த நாற்காலியைப் போட்டு, அதற்கு 'மனசு அறை' என்று பெயர் வைத்தார். ஒவ்வொருவராக உள்ளே போய், யாரை அனுப்பலாம், ஏன் அனுப்பலாம் என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

"நான் எங்க அண்ணனைத்தான் சொன்னேன்," என்று அத்தை முதல் வாரம் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். "மனுஷன் சாக்ஸைக் கழட்டினா எனக்கு இஸ்திரிப் பெட்டியோட ஆவியே நறுமணமா இருக்கு."

மூக்கில் குறட்டை. எல்லோரும் சிரித்தார்கள். முசுடு மட்டும் ஓட்டுப் போடவில்லை. "பைத்தியக்கார வெளையாட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தாள்.

ஆனால் விளையாட்டு எப்போது விளையாட்டாக இல்லாமல் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா சாப்பிடும்போது பேசுவதை நிறுத்தினார். பேச வேண்டியதை எல்லாம் அந்த அறைக்குச் சேர்த்து வைத்தார். "நான் முகத்துக்கு நேரா பேசுற ஆள்" என்று சொல்லிவிட்டு, முதுகுக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் சுவரோடு பேசினார். அம்மா முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு இரவுச் சாப்பாட்டுக்கு வந்தாள். அத்தை வேடிக்கை பண்ணினால் இரண்டு பேரும் சிரிப்பதற்குமுன் டிவிக்கு மேலே இருக்கும் சுவரை ஒரு தடவை பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா ஈரத்துண்டுக்காக இரண்டு தடவை திட்டிய வாரத்தின் கடைசியில் அப்பா எழுந்து நின்றார். எப்போதும் போடாத மடிப்புச் சட்டை. "இந்த வாரம் நம்ம வீட்டை விட்டுப் போறவங்க..." என்று நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் பிரிட்ஜ் ஓடும் சத்தம் கேட்டது, குழாய் சொட்டும் சத்தம் கேட்டது, பக்கத்து வீட்டில் யாரோ இருமியது கேட்டது.

"என் தங்கச்சி."

"சரி விடுண்ணே, எங்க அந்த சோப்பு?" என்று எழுந்தாள் அத்தை.

யாரும் சிரிக்கவில்லை. அம்மா அத்தையின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அத்தை அம்மாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள், கடைசியாக டிவிக்கு மேலே பார்த்தாள். முகத்திலிருந்த சிரிப்பு ஒரு மாதிரி அசையாமல் நின்றுவிட்டது. முடியைச் சரிசெய்துகொண்டாள். எல்லோரையும் கட்டிக்கொண்டாள். முசுடைக் கட்டிக்கொண்டபோது அத்தைமேல் கஞ்சி வாசனையே இல்லை.

"அத்தை, விளையாடாதீங்க! எங்க போறீங்க?"

"போறவங்களுக்கு ஒரு கைதட்டல்!" என்றார் அப்பா.

அப்பாவும் அம்மாவும் தட்டினார்கள். நான்கு கைகள். ஆனால் கேட்டது நான்கு கைகளின் சத்தம் இல்லை. மழை தகரக் கூரையில் இறங்குவதுபோல் ஒரு பெரிய சத்தம் சுவருக்குள்ளிருந்து எழும்பி, கதவு மூடியதும் அடங்கியது.

முசுடு ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். படிக்கட்டு வெறிச்சென்று இருந்தது. லிஃப்ட் இவர்கள் மாடியிலேயே, நான்காவது மாடியிலேயே, விளக்கெரிய நின்றது. இறங்கும் காலடிச் சத்தம்கூட இல்லை.

சலவைக் கடையில் அத்தை வரவில்லை என்றார்கள். போன் அணைந்து கிடந்தது. அத்தையின் பல் விளக்கும் பிரஷ் கண்ணாடி முன்னால் ஈரம் காய்ந்து நின்றது.

"எங்கம்மா அத்தை? போலீஸ்ல சொல்ல வேண்டாமா?"

அம்மா கையை நெஞ்சில் வைத்தாள். "அவளோட பயணம் அவ்வளவுதான்டா. நாம அதை மதிக்கணும்."

டிவியில் போகிறவர்களைப் பற்றி மீதிப் பேர் சொல்லும் அதே வாக்கியம். அதே குழைவு. முசுடுக்கு அம்மாவைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பெற்ற பிள்ளையை 'டா' போட்டே கூப்பிட்டதில்லை இவள். யாருடைய வாயால் பேசுகிறாள்?

மறுநாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பினாயிலும் பழைய பெயின்ட்டும் கலந்த வாசனை. ஜன்னல் இல்லாத அறை. கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். நாற்காலிக்கு எதிரே, உட்கார்ந்தால் கண் மட்டத்தில், ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று. இது வெளிச்சுவர். அந்தப் பக்கம் ஒன்றுமில்லை, நான்கு மாடி உயரத்துக்கு வெறும் காற்று. முகத்தை அருகே கொண்டுபோனாள்.

ஓட்டையிலிருந்து வெதுவெதுப்பாக வந்தது. நிறையப் பேர் மூடிய இடத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தால் வரும் வாசனை. வேர்வை. வாய்க்காற்று. யாரோ தொண்டையைச் செருமினார்கள். யாரோ "உஷ்" என்றார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

முசுடு மூச்சை அடக்கிக்கொண்டு, தெரியாமல் பின்னால் நகர்ந்து, ஒரு பக்கெட்டுக்குள் கால் விட்டுத் தடுமாறினாள்.

அந்தப் பக்கம் சிரித்தார்கள். நூற்றுக்கணக்கில். அந்தச் சிரிப்புக்கு நடுவில், மூக்கிலிருந்து, குறட்டை மாதிரி ஒரு சத்தம்.

முசுடு வெளியே ஓடி வந்தாள். பயம் இருந்தது, ஆனால் பயத்தை மிதித்துக்கொண்டு ஆத்திரம் முன்னால் வந்தது. "அத்தை உள்ள இருக்காங்க! சுவத்துக்குள்ள! நீங்கதான் அனுப்புனீங்க! பொழுது போகலைன்னு கூடப் பொறந்தவளைத் தூக்கிப் போட்டீங்க!" அப்பா அப்போதுதான் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவரும் அம்மாவும் ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முசுடு அம்மாவின் கனத்த இஸ்திரிப் பெட்டியை எடுத்து டிவிமேல் வீசினாள். திரை நொறுங்கியது. பொசுங்கிய வாசனை வந்தது.

கைதட்டல். சுவர் முழுக்க. விசில்கூட.

அம்மா இரண்டு கையையும் கோர்த்துக்கொண்டு, கண் பளபளக்க, "ரொம்ப நல்லா வந்துச்சு," என்றாள். "இன்னொரு தடவை பண்ணு. முகத்தை மட்டும் இந்தப் பக்கம் வெச்சுக்க."

அன்றைக்குத்தான் முசுடுக்குப் புரிந்தது. அவள் கத்தினால் அது இவர்களுக்கு விருந்து. அழுதாலும் விருந்துதான். எனவே ஒன்றும் தருவதில்லை என்று முடிவு செய்தாள். கத்தவில்லை, அழவில்லை, நடுங்கவில்லை. கேட்டதற்கு "ம்" என்றாள். ஆத்திரத்தை எல்லாம் வலது கைக்குள் வைத்து மூடிக்கொண்டு, நகம் உள்ளங்கையில் இறங்க, தூங்கும்போதுகூட விரல் பிரியாமல் கிடந்தாள். இது என்னுடையது. ஒரு சொட்டுக்கூடக் கிடையாது உங்களுக்கு. சுவருக்குள் கொட்டாவி விடும் சத்தம் கேட்டது. சலிப்பாக "ப்ச்" கேட்டது.

ஓடிப்போகவும் பார்த்தாள். பள்ளிக்குப் போவதாகச் சொல்லி வாசற்படிவரை போனாள். கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். கைப்பிடியில் வைத்த கையை எடுத்துவிட்டாள்.

வாரக் கடைசி வந்தது. உடைந்த டிவி முன்னால் அப்பா மடிப்புச் சட்டையோடு நின்றார்.

"இந்த வாரம் நம்ம வீட்டை விட்டுப் போறவங்க..."

குழாய் சொட்டியது.

"என் பொண்ணு. நல்ல பொண்ணுதான். ஆனா விறுவிறுப்பே இல்ல."

அம்மா பையை எடுத்துக்கொண்டு வந்தாள். கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே, டிவி இருந்த சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். அப்போது அம்மாவின் முகம் மாறியது. இரண்டு கண்ணிலும் கண்ணீர், மூக்கும் ஒழுகியது, வாய் கோணியது. அழகே இல்லாத அழுகை. பவுடர் கரைந்து முசுடின் தோளில் ஒட்டியது.

"அழுதுடுடி," என்றாள், இடைவெளியே விடாமல், மெஷின் ஓட்டிக்கொண்டே திட்டும் பழைய அம்மாவின் குரலில். "சனியனே, ஒரு தடவை அழுதுடு, காலைப் பிடிச்சுக் கெஞ்சு, அழுதா உன்னை வெச்சுப்பாங்க, நான் கேட்டுட்டேன், நீ போகாதடி..."

சுவருக்குள் எல்லோரும் மூச்சை அடக்கியது கேட்டது. காத்திருந்தார்கள். அழுகை முசுடின் தொண்டைவரை வந்துவிட்டது. அம்மாவுக்காகவே வந்தது. அதையும் பிடுங்கித் தின்னக் காத்திருக்கிறார்களே என்று நினைத்தாள். விழுங்கினாள்.

"மாட்டேன்மா."

"போறவங்களுக்கு ஒரு கைதட்டல்!"

கதவு திறந்தது.

படிக்கட்டு இல்லை.

லிஃப்ட் இல்லை.

இருட்டு. இருட்டுக்குள் வரிசை வரிசையாக நாற்காலிகள். கண்ணுக்கு எட்டும் தூரம்வரை. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். ஒவ்வொரு மடியிலும் ஒரு பை. நீல வெளிச்சம் விழுந்த முகங்கள். இமைக்காத கண்கள்.

முதல் வரிசையில் அத்தை.

"அத்தை!"

அத்தை அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். கை மட்டும் பக்கத்தில் காலியாக இருந்த நாற்காலியைத் தட்டிக் காட்டியது. வா. உட்கார். மறைக்காதே.

முசுடு உட்கார்ந்தாள். நாற்காலி வெதுவெதுப்பாக இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். வீட்டின் ஒரு பக்கச் சுவர் இல்லை. கூடம் பளிச்சென்று வெளிச்சத்தில் இருந்தது. உடைந்த டிவி. செருப்பு ஸ்டாண்டு பக்கத்தில் இரண்டே இரண்டு பைகள். அப்பா இந்தப் பக்கம் பார்த்து, யாரையும் பார்க்காமல், சிரித்தார். அம்மா முதுகைக் காட்டி நின்றாள். தோள் குலுங்கியது.

முகம் தெரியவில்லை.

பின்வரிசையில் யாரோ "ப்ச்" என்றார்கள். அத்தை இருக்கையில் நெளிந்தாள். முசுடு எட்டிப் பார்த்தாள். தெரியவில்லை. ஒரு வாரமாக மூடியிருந்த வலது கை விரல் விரலாகத் திறந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை.

எரிச்சலாக வந்தது. கழுத்தை நீட்டினாள்.

"அம்மா," என்றாள். "முகத்தை இந்தப் பக்கம் திருப்பு."

அம்மா திரும்பினாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.